இட்லிப் பூவைச் சுற்றும் 'குட்டித் தேன்சிட்டு': பறவையுமல்ல, தேனீயுமல்ல

வீவக புளோக்குகளின் கீழே வேலிபோல வெட்டிவிடப்பட்டிருக்கும் இட்லிப் பூச்செடிகளைக் காலையில் கடந்து செல்பவர்களில் பலர் இதைப் பார்த்திருப்பார்கள். கட்டைவிரல் அளவில் பச்சை நிற உடல், நடுவே செம்பழுப்புப் பட்டை, வால் நுனியில் கறுப்புக் குஞ்சம். ஒரு பூவின் முன் அந்தரத்தில் நிற்கும், 'ஊம்' என்று ரீங்காரமிடும், கண் இமைப்பதற்குள் அடுத்த பூவுக்குப் போய்விடும். இறக்கை இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கும். கைப்பேசியை எடுத்துத் தயாராவதற்குள் ஆளைக் காணோம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இதன் மங்கலான படங்கள் வரும்போது வழக்கமாக மூன்று விடைகள் கிடைக்கும். குட்டித் தேன்சிட்டு என்பார் ஒருவர். பெரிய தேனீ, கிட்டப் போகாதே என்பார் இன்னொருவர். தொலைக்காட்சியில் பார்த்த ஹம்மிங்பேர்ட் என்று அடித்துச் சொல்வார் மூன்றாமவர். மூன்றும் தவறு. ஹம்மிங்பேர்ட் இனப் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. ஆசியாவில் ஒன்றுகூடக் கிடையாது.

இது ஓர் அந்துப்பூச்சி. விட்டில் என்று நாம் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. இரவில் விளக்கைச் சுற்றாமல் பட்டப்பகலில் பறப்பதுதான் இதன் வழக்கம்.

பெயர் வந்த கதை

அறிவியல் பெயர் செஃபனோடிஸ் ஹைலஸ். உயிரினங்களுக்குப் பெயர்சூட்டும் முறையை வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1771ல் இதற்கு 'ஹைலஸ்' என்ற பெயரை வைத்தார். கிரேக்கப் புராணத்தில் ஹெர்குலிஸின் தோழனாக வரும் அழகிய இளைஞன் ஹைலஸ். நீர்த்தேவதைகள் அவனது அழகில் மயங்கி அவனைச் சுனைக்குள் இழுத்துக்கொண்டதாகக் கதை. பூச்சிகளுக்குப் புராணப் பெயர்களை வாரி வழங்கியவர் லின்னேயஸ். இந்தப் பெயர் ஓரளவு பொருந்தவும் செய்கிறது.

ஆங்கிலத்தில் இதைக் காப்பி ஹாக்மாத் என்றும், கண்ணாடி இறகு ஹாக்மாத் என்றும் அழைக்கிறார்கள். ஹாக் என்றால் பருந்து. குவிந்த உடலும் குறுகிய இறக்கையும் விரைந்த பறத்தலும் கொண்ட ஒரு பெரிய குடும்பத்துக்கே அந்தப் பெயர். தமிழில் பருந்து விட்டில் என்று சொல்லிப் பார்த்தால் ஒலி நன்றாகத்தான் இருக்கிறது.

தமிழில் 'அந்து' என்ற சொல்லுக்கு நல்ல பெயர் இல்லை. அரிசியிலும் தானியத்திலும் விழுந்து மாவாக்கும் சிறு பூச்சிதான் அந்து. அதனால் அந்துப்பூச்சி என்றதுமே சமையலறை டப்பாவைத் திறந்து பார்க்கத் தோன்றும். விட்டில் என்றால் விளக்கில் விழுந்து மடிவது என்ற எண்ணம். வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பூவில் மொய்க்கும் பூச்சிகளைப் பெயர் பெயராகச் சொன்ன சங்கப் புலவர்கள், பகலில் தேனுண்ணும் விட்டிலையும் இவற்றுள் ஏதோவொரு பெயரில் அடக்கியிருக்கலாம். இன்று அதற்கென்று தனிப்பெயர் நம்மிடம் வழக்கில் இல்லை.

இறக்கை எங்கே போனது?

அந்துப்பூச்சிக்கும் பட்டாம்பூச்சிக்கும் பொதுவான அடையாளம் இறக்கையில் படிந்திருக்கும் செதில்கள். விரலால் தொட்டால் பொடிபோல ஒட்டிக்கொள்வது அதுதான். நிறமும் கோலமும் அந்தச் செதில்களால் அமைந்தவை. இந்தப் பூச்சியின் இறக்கையோ கண்ணாடி. நரம்புகள் மட்டும் கருங்கோடுகளாகத் தெரியும், அவற்றுக்கு இடையே மறுபக்கத்து இலையைப் பார்க்கலாம்.

பிறக்கும்போது அப்படி இல்லை. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும்போது இதன் இறக்கைகளிலும் மங்கிய சாம்பல் நிறச் செதில்கள் இருக்கும். இறக்கை உலர்ந்து முதல்முறையாக அதை அதிரவிட்டதும் செதில்கள் உதிர்ந்துவிடும். சில நொடிகளில் சாம்பல் இறக்கை கண்ணாடியாகிவிடுகிறது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை நடக்கும் இந்தக் காட்சியைக் கூட்டுப்புழுவை வீட்டில் வளர்த்துப் பார்ப்பவர்களே நேரில் காண முடியும்.

கண்ணாடி இறக்கையும் பட்டை போட்ட உடலும் ரீங்காரமும் சேர்ந்தால் பார்ப்பவருக்குப் பெரிய தேனீ என்றே படும். மனிதர்கள் மட்டுமல்ல, பூச்சி தின்னும் பறவைகளும் அப்படி ஏமாறக்கூடும். கொட்டும் பூச்சிபோல வேடம் போடுவது கொட்டத் தெரியாத பூச்சிகளின் பழைய தந்திரம். இதற்குக் கொடுக்கு கிடையாது, கடிக்க வாயும் கிடையாது. கைக்குழந்தையின் மூக்கருகே பறந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை.

வாயிருக்கும் இடத்தில் இருப்பது ஒரு நீண்ட உறிஞ்சுகுழல். பறக்கும்போது கடிகாரச் சுருள்போலச் சுருண்டு தலைக்கடியில் இருக்கும், பூ வந்ததும் நீளும். இட்லிப் பூவை எடுத்துப் பார்த்தால் நான்கு இதழ்களுக்குக் கீழே ஊசிபோன்ற குழாய் ஒன்று தெரியும். சிறுவயதில் அதை உருவி நுனியில் தேனைச் சப்பாதவர்கள் குறைவு. தேன் அந்தக் குழாயின் அடியில் இருக்கிறது. சாதாரணத் தேனீயின் நாக்கு அவ்வளவு தூரம் எட்டாது. நீண்ட குழல் கொண்ட பட்டாம்பூச்சிகளுக்கும் பருந்து விட்டில்களுக்கும்தான் அந்த விருந்து.

இந்தக் குடும்பத்தின் குழல் நீளத்துக்கு ஒரு புகழ்பெற்ற சாட்சி உண்டு. மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் ஒன்றில் தேன் ஏறக்குறைய ஓர் அடி ஆழக் குழாயின் அடியில் இருப்பதைக் கண்ட சார்ல்ஸ் டார்வின், அந்த ஆழத்தை எட்டும் குழல்கொண்ட விட்டில் அங்கே இருந்தாக வேண்டும் என்று 1862ல் எழுதினார். கேலி செய்தவர்களும் இருந்தனர். 1903ல் அந்த விட்டிலுக்கு அறிவியலாளர்கள் பெயர் வைத்தார்கள். டார்வின் அப்போது உயிருடன் இல்லை.

நம்மூர் ஹைலஸுக்கு அவ்வளவு நீளம் தேவைப்படவில்லை. இட்லிப் பூவும், சாலையோரப் புல்வெளிகளில் ஊதா நிறக் கதிர்போல நிற்கும் சீமை நாயுருவியும் அதற்குப் போதும். பூவில் உட்காராமல் பறந்தபடியே குடிப்பதால் ஒரு பூவுக்குச் சில நொடிதான் செலவாகும். ஆனால் அந்தரத்தில் நிற்பதற்கு எரிபொருள் மிக அதிகம் தேவை. குடித்ததைப் பறந்தே செலவழித்து, மீண்டும் குடிக்க ஓட வேண்டியிருக்கிறது. அதனால்தான் அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை.

வெட்சியும் மாடும் சிராங்கூன் சாலையும்

இட்லிப் பூ என்று இங்கு அழைக்கப்படும் செடி இலக்கியத்தில் வெட்சி. விருட்சி என்றும் சொல்வதுண்டு. பகைவரின் ஆநிரையைக் கவரச் செல்லும் வீரர்கள் சூடிய பூ, புறத்திணைகளில் ஒன்றுக்குப் பெயர் தந்த பூ, முருகனுக்கு உகந்த பூ. இக்சோரா என்ற தாவரவியல் பெயரும் நம் பக்கத்திலிருந்துதான் போனது. 'ஈசுவரன்' என்ற சொல் போர்த்துகீசியர் வாயில் திரிந்து அப்படியானது என்பது தாவரவியலாளர்கள் தரும் விளக்கம்.

மாடு பிடிக்கும் பூவுக்கும் லிட்டில் இந்தியாவுக்கும் ஒரு பொருத்தம் இருக்கிறது. சிராங்கூன் சாலை வட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் மாட்டு வணிகத்தால் வளர்ந்த இடம். பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்கள் அதை இன்றும் சொல்கின்றன. மலாயில் கெர்பாவ் என்றால் எருமை. மாடுகள் போய்விட்டன, வெட்சி தொட்டிகளிலும் வேலியோரங்களிலும் இருக்கிறது.

தேக்கா போன்ற நெருக்கமான வட்டாரத்திலும் இந்தப் பூச்சி பிழைத்துக்கொள்ளக் காரணம் அதன் தேவை மிகச் சிறியது என்பதுதான். தேனுக்கு ஒரு பூவேலி வேண்டும். முட்டையிட ஒரு தொட்டிச் செடி போதும்.

தொட்டியில் இருக்கும் பச்சைப் புழு

பிரச்சினை தொடங்குவதும் அந்தத் தொட்டியில்தான். கார்டீனியா, அதாவது மலாய்க்காரர்கள் 'புங்ஙா சீனா' என்று அழைக்கும் வாசனை மிகுந்த வெள்ளைப் பூச்செடியைப் பலர் வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்க்கிறார்கள். சாமி படத்துக்கு வைக்க, தலையில் சூட, சும்மா வாசனைக்காக. ஒருநாள் காலை பார்த்தால் தளிர் இலைகள் எல்லாம் மொட்டை. தொட்டியைச் சுற்றிக் கறுப்பு மிளகு சிந்தியதுபோல எச்சம். செடியைப் புரட்டிப் புரட்டித் தேடினாலும் குற்றவாளி கிடைக்காது, ஏனென்றால் அது இலையின் அதே பச்சை.

ஹைலஸின் புழு அது. கார்டீனியா, காப்பி, இட்லிப் பூ மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். தாய்ப்பூச்சி அந்தக் குடும்பத்துச் செடிகளைத் தேடிவந்து இளந்தளிர்களில் ஒவ்வொரு முட்டையாக இட்டுச் செல்லும். முழுதாக வளர்ந்த புழு சுண்டுவிரல் நீளம், தடிமனும் கிட்டத்தட்ட அவ்வளவு. பக்கவாட்டில் ஒரு வெளிர்கோடு, வால் பக்கம் ஒரு கொம்பு. சில புழுக்கள் பச்சையாக இல்லாமல் கருமையாகவும் இருக்கும். நிறம் மாறினாலும் கொம்பு மாறாது, அதை வைத்து அடையாளம் காணலாம்.

அந்தக் கொம்பைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அது மென்மையானது, குத்தாது, விஷமும் இல்லை. தொந்தரவு செய்தால் புழு தலைப்பக்கத்தைத் தூக்கி அசையாமல் நிற்கும். எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலையை நினைவுபடுத்தும் அந்த நிலையிலிருந்துதான் இந்தக் குடும்பத்துக்கே அறிவியலில் ஸ்பிங்கிடே என்ற பெயர் வந்தது.

தின்று முடித்த புழு செடியிலிருந்து இறங்கி, காய்ந்த இலைகளுக்கு அடியிலோ மேல்மண்ணிலோ பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகும். தொட்டி மண்ணைக் கிளறும்போது பேரீச்சங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக, தொட்டால் நெளியும் ஒன்று கிடைத்தால் அதைக் கரப்பான் முட்டை என்று நினைத்துக் குப்பையில் எறியத் தேவையில்லை. சிங்கப்பூர் வெப்பத்தில் முட்டையிலிருந்து இறக்கை முளைக்கும்வரை ஏறத்தாழ ஒரு மாதம், சில வேளைகளில் சற்றுக் கூடுதலாக ஆகும்.

எஸ்டேட் காலத்து எதிரி

காப்பி ஹாக்மாத் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. ரப்பர் வருவதற்கு முன் மலாயாவின் தோட்டங்களில் காப்பி பயிரானது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் இந்தப் புழுக்கள் காப்பிச் செடிகளை இலையின்றி மொட்டையாக்கின. வெட்டியும் பொறுக்கியும் அழிக்க வேண்டிய பூச்சியாக அன்றைய தோட்ட முதலாளிகள் இதை அறிந்திருந்தார்கள். பொறுக்கியவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழகத்திலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் கைகளே காப்பியைப் பறித்தன, புழுவையும் பறித்தன.

காப்பி வீழ்ந்ததற்குப் புழு மட்டும் காரணமில்லை. பிரேசிலிலிருந்து குவிந்த காப்பி விலையைத் தரைமட்டமாக்கியது. அந்த வேளையில் ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர், 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. பைத்தியக்கார ரிட்லி என்றுகூட அவரை அழைத்தார்கள். பின்னர் என்ன நடந்தது என்பது எஸ்டேட் பரம்பரையில் வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். காப்பி போய் ரப்பர் வந்ததும், அந்தப் புழு கொள்ளை நோய்போல் இருந்த நிலையிலிருந்து தோட்டத்து ஓரங்களுக்கும் வீட்டுத் தொட்டிகளுக்கும் ஒதுங்கிக்கொண்டது.

இன்றைய சிங்கப்பூரில் இது யாருடைய பிழைப்பையும் கெடுக்கும் நிலையில் இல்லை. கெடுப்பது அதிகபட்சம் ஒரு தொட்டியைத்தான்.

மருந்தடிக்க வேண்டுமா?

தேசியப் பூங்காக் கழகம் 2005ல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு பேட்டைதோறும் தோட்டங்கள் பெருகின. கறிவேப்பிலை, முருங்கை, வெண்டை, பாண்டான் இலை எல்லாம் ஒரே பாத்தியில் வளர்கின்றன. அங்கே புழுவைக் கண்டதும் கை மருந்துப் புட்டியைத் தேடுவது இயல்பு. இதில் ஒரு கணக்கு பார்க்க வேண்டியிருக்கிறது.

நன்கு வேரூன்றிய கார்டீனியா ஒருமுறை இலையிழந்தால் சாகாது. சில வாரங்களில் மீண்டும் தளிர்விடும். சிறு நாற்று என்றால்தான் ஆபத்து. கொம்புப் புழுக்கள் பொதுவாக ஒரு செடியில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும் என்பதால் கையால் எடுத்துவிடலாம். காலை வெளிச்சத்தில் எச்சம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் ஆள் அகப்படும். எடுத்ததை இரண்டாவது கார்டீனியா இருந்தால் அதில் விடலாம். ஒரே செடிதான் என்றால், ஒரு புழுவையாவது விட்டுவைப்பதா இல்லையா என்பது வளர்ப்பவரின் மனசு.

பூச்சிமருந்துக்கு ஹைலஸ் புழுவும் கறிவேப்பிலையைத் தின்னும் பட்டாம்பூச்சிப் புழுவும் ஒன்றுதான். வேப்பெண்ணெய் இயற்கையானது, அதனால் தீங்கில்லை என்று நம்புபவர்கள் உண்டு. இயற்கையானதுதான், ஆனால் இலை தின்னும் புழுக்களுக்கு அது நஞ்சு. பூத்திருக்கும் செடியில் அடித்தால் தேனுண்ண வருபவையும் பாதிக்கப்படும். இன்னொன்றும் நடக்கிறது. புழுக்களின் உடலுக்குள் முட்டையிடும் நுண்குளவிகளும் ஈக்களும் இயற்கையாகவே அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்து வைக்கின்றன. மருந்து முதலில் காலி செய்வது பெரும்பாலும் இந்தக் காவலாளிகளைத்தான்.

டெங்கிக்காக அடிக்கப்படும் புகையும் அப்படியே. அந்தப் புகைக்குக் கொசுவையும் மற்ற பூச்சிகளையும் பிரித்தறியத் தெரியாது. புகையடிப்பைத் தேவையான இடங்களில் அளவோடு செய்ய வேண்டும், தேங்கிய நீரை அகற்றுவதே முதல் வழி என்பதுதான் தேசியச் சுற்றுப்புற வாரியமும் சொல்லிவருவது. தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடும் வீட்டில் கார்டீனியாவும் ஹைலஸும் கொசுவின்றி இருக்க முடியும்.

எல்லாப் புழுவும் தொடத்தக்கதல்ல என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது அவசியம். உடல் முழுக்க ரோமம் அடர்ந்தவை, முள்முள்ளாகக் கிளைத்தவை, வண்ண வண்ணமாகத் தட்டையாக நத்தைபோல ஊர்பவை ஆகியவற்றைத் தொடவே கூடாது. சிலவற்றின் ரோமமும் முள்ளும் பட்டால் எரிச்சலும் தடிப்பும் வரும். வழவழப்பான உடலும் வாலில் ஒற்றைக் கொம்பும் இருந்தால் பயமில்லை.

மஞ்சளும் நீலமுமாக இன்னொன்று

பகலில் பறக்கும் விட்டில்களில் ஹைலஸ் தேனீ வேடம் போடுகிறது என்றால், பட்டாம்பூச்சி என்றே எல்லாரையும் நம்பவைக்கும் ஒன்றும் சிங்கப்பூரில் இருக்கிறது. டிஸ்ஃபேனியா சப்ரெப்ளீட்டா. இறக்கையின் அடிப்பகுதி பளிச்சிடும் மஞ்சள், முன் இறக்கையின் வெளிப்பாதி நீலம் கலந்த ஊதாச் சாம்பல், அதில் வெளிறிய சாளரங்கள். உள்ளங்கையில் பாதியை மறைக்கும் அளவு இருக்கும். மரங்களின் மேற்பகுதியில் நிதானமாகப் பறக்கும், அவசரமே இருக்காது. தன் நிறத்தைப் பார்த்து யாரும் தின்னத் துணியமாட்டார்கள் என்ற தெம்பு அதற்கு இருப்பதாகத் தோன்றும். மஞ்சளும் கருநீலமும் பூச்சியுலகில் பெரும்பாலும் எச்சரிக்கை நிறங்கள்.

அதன் புழுவும் மஞ்சள், மேலே கருநீலப் புள்ளிகள். நடக்கும் விதம்தான் வேடிக்கை. உடலின் நடுவே கால்கள் இல்லாததால் பின்பகுதியை முன்னால் இழுத்து வளைந்து, பிறகு முன்பகுதியை நீட்டி, சாண் அளப்பதுபோல நகரும். நில அளவையர் என்ற பொருள்படும் ஜியோமெட்ரிடே குடும்பம் இது. சீண்டினால் பின்காலால் கிளையைப் பற்றிக்கொண்டு உடலை விறைப்பாக நீட்டிக் குச்சிபோல நிற்கும். இவ்வளவு பளிச்சென்ற மஞ்சளில் குச்சி வேடம் எதற்கு என்று கேட்கத் தோன்றுவது நியாயமே.

இதைத் தேட ஒரே குறிப்பு மரம்தான். காராலியா பிராக்கியாட்டா என்பது அதன் பெயர், மலாயில் மெரான்சி. கண்டல் மரங்களின் குடும்பத்தைச் சேர்ந்தும் உப்புநீரை விட்டு உள்நாட்டில் வாழும் மரம். சிங்கப்பூருக்கு உரியது. மடகாஸ்கரிலிருந்து இந்தியா, இலங்கை வழியாக வட ஆஸ்திரேலியாவரை இயற்கையாக வளர்கிறது. பூங்காக்களிலும் நடப்பட்டிருக்கிறது. அந்த மரத்தின் இலைகள் ஓரம் கடிபட்டிருந்தால் சற்று நேரம் நின்று பார்க்கலாம். கூட்டுப்புழுவாகும்போது இலையைச் சுருட்டி அதற்குள் இருந்துகொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இதன் நெருங்கிய உறவினர் ஒன்று உண்டு, அதுவும் இதே மரத்தைத்தான் நாடுகிறது. கடல் பிரித்தாலும் சாப்பாட்டு விருப்பம் மாறவில்லை.

குளவி வேடத்தில் புல்வெளியில் திரியும் அமாட்டா வகைகளையும் சொல்ல வேண்டும். கறுப்பு உடலில் மஞ்சள் வளையங்கள், கறுப்பு இறக்கையில் கண்ணாடிச் சன்னல்கள். சோம்பேறித்தனமாகப் பறந்து புல்நுனியில் அமரும். வாலோடு வால் ஒட்டி இரண்டு பூச்சிகள் நெடுநேரம் அசையாமல் இருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் இவைதான்.

பகலில் தெரிந்தாலும் பகல் பூச்சியல்லாத ஒன்று உண்டு. லிசா ஸாம்பா என்ற பெரிய பழுப்பு விட்டில், இறக்கையில் வெள்ளைக் கோடு, பின்பக்கம் இரட்டை வால். 2014ல் மே மாத வாக்கில் அது தீவெங்கும் பெரும் எண்ணிக்கையில் தோன்றி, புளோக்குகளின் கீழ்த்தளங்களிலும் மின்தூக்கி ஓரங்களிலும் சுவரோடு ஒட்டிக்கிடந்து செய்தியானது. இரவில் விளக்கால் ஈர்க்கப்பட்டு வந்தவை பகலில் அங்கேயே ஓய்வெடுத்தன. பெரிய விட்டில் வீட்டுக்குள் வந்தால் மறைந்த உறவினர் பார்க்க வந்திருக்கிறார் என்று விரட்டாமல் விடும் வழக்கம் சீனக் குடும்பங்களில் உண்டு. விட்டிலின் இறக்கைப் பொடி பட்டால் கண் குருடாகும் என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. அது வெறும் செதில். கண்ணில் எந்தத் தூசு விழுந்தாலும் உறுத்துவதுபோல உறுத்தும், அவ்வளவுதான்.

எப்படி உறுதி செய்வது?

பட்டாம்பூச்சியா அந்தா என்ற கேள்விக்குப் பகல், இரவு என்ற விடை போதாது. உலகில் பட்டாம்பூச்சி வகைகள் ஏறத்தாழ 18,000. அந்துப்பூச்சிகள் அதைப்போலப் பல மடங்கு. அவ்வளவு பெரிய கூட்டத்தில் பகல்வேலை பார்ப்பவை இல்லாமலா போகும்? நிறமும் உதவாது. உணர்கொம்பைப் பார்ப்பதே நம்பகமான வழி. பட்டாம்பூச்சிக்கு அது தீக்குச்சிபோல நுனியில் குமிழோடு இருக்கும். அந்துக்கு இழைபோலவோ இறகுபோலவோ இருக்கும். ஹைலஸுக்கு நுனிநோக்கித் தடித்து, கடைசியில் சின்னக் கொக்கியாக வளையும்.

தேன்சிட்டோடு குழப்பம் என்றால் காலைப் பார்க்க வேண்டும். இங்குள்ள தேன்சிட்டு பெரும்பாலும் கிளையையோ பூங்கொத்தையோ பற்றி அமர்ந்துதான் குடிக்கும். பூவின் முன் சில நொடி சிறகடித்து நின்றாலும் விரைவில் உட்கார்ந்துவிடும். அலகும் தெளிவாகத் தெரியும். உட்காராமல் பூ பூவாகப் போவது, தலைக்கு முன்னால் மெல்லிய கம்பி ஒன்று நீண்டிருப்பது, தலையில் இரு கொம்பு இருப்பது மூன்றும் சேர்ந்தால் அது பருந்து விட்டில். கருந்தச்சுத் தேனீ என்றால் உடல் உருண்டையாக, கறுப்பாக, இறக்கை நீலப் பளபளப்போடு இருக்கும். பூவில் இறங்கி உட்காரும்.

வெயில் ஏறும் முன் காலையிலும், மாலையில் வெயில் தணிந்த பிறகும் பூத்த இட்லிப் பூ வேலியருகே நின்றால் வாய்ப்பு அதிகம். துரத்தக் கூடாது. ஒரு பூங்கொத்தைத் தேர்ந்து இரண்டு மூன்று அடி தள்ளி அசையாமல் நின்றால் அது சுற்றிக்கொண்டு திரும்பி வரும். புகைப்படம் எடுப்பதைவிடக் கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்து, பிறகு அதிலிருந்து ஒரு சட்டத்தைப் பிரித்தெடுப்பது எளிது. உடல் பட்டையும் வால் குஞ்சமும் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று, இறக்கை தெரியும்படி மேலிருந்து ஒன்று இருந்தால் அடையாளம் காண்பவர்களுக்குப் போதும். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடமும் தேதியும் சேர்த்துப் பதிவேற்றலாம். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் பூச்சியைப் பிடித்து எடுத்துச் செல்ல அனுமதியில்லை. படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பள்ளித் திட்டப்பணியாகக் காட்ட விரும்புவோருக்கு வீட்டுக் கார்டீனியாவில் கிடைத்த புழுவே போதும். காற்றோட்டமான டப்பா, அடியில் மூன்று நான்கு அங்குல ஈரமான மண், நாள்தோறும் மருந்தடிக்காத புதிய கார்டீனியா இலை. தின்பதை நிறுத்தி நிறம் மங்கி அலையத் தொடங்கினால் மண்ணுக்குள் போகப்போகிறது என்று பொருள். அதன்பின் தோண்டிப் பார்க்கக் கூடாது. மண் காய்ந்துபோகாமல் அவ்வப்போது நீர் தெளித்து, ஏறி நின்று இறக்கையை விரிக்க ஒரு குச்சியைச் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். ஒருநாள் காலை அந்தக் குச்சியில் சாம்பல் இறக்கையோடு ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். மூடியைத் திறந்து தாழ்வாரத்தில் வைத்தால், அது இறக்கையை அதிரவிடும்போது டப்பாவின் சுவரில் மெல்லிய பொடி படிவதைக் காணலாம்.